ஏழு வகைச் சாதமும் ஒரு கான்ஃபிக் ஃபைலும்

போன் மணி அடித்தால் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும் திரும்பிக்கொள்வேன். என் மனைவிதான் எடுப்பாள். "ஆமாங்க, மாஸ்டர் வீடுதான். முந்நூறு எலையா? செஞ்சிரலாங்க. கத்திரிக்கா கொத்சு கண்டிப்பா உண்டுங்க" என்று அவள் பேசும்போது நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவேன். எதிர்முனையில் இருப்பவருக்கு என் தலை தெரியாது என்று அவள் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

சிதம்பரத்தில் நான் கல்யாணச் சமையல்காரன். சைவம் மட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வேறொரு மாஸ்டரிடம் தேங்காய் துருவப் போய், பிறகு காய் நறுக்கப் போய், பாதி வயதுக்கு மேல்தான் சொந்தமாக ஆர்டர் பிடித்தேன். பிடித்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு. பிடித்தவள் அவள். நான் சமைத்தேன். நிறைய வீடுகளில் அவளைத்தான் மாஸ்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் விசேஷம் முடிந்ததும் அவளுக்குப் புடவை வைத்துக் கொடுத்துவிட்டு, என்னிடம், "தம்பி, அந்த அண்டாவைக் கொஞ்சம் நகத்து" என்றார்கள். நகர்த்தினேன்.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் அவளுக்குக் கடலூரில் ஒரு தையல் கம்பெனியில் மேற்பார்வை வேலை கிடைத்தது. காலை பஸ்ஸில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். முதல் நாள் கிளம்பும்போது போனை என் சட்டைப் பையில் போட்டு, "ஒண்ணுமில்லங்க. அவுங்க கேப்பாங்க, நீங்க பதில் சொல்லுங்க. அவ்ளோதான்" என்றாள்.

காலையிலேயே ஒருவர் கூப்பிட்டார்.

"மாஸ்டருங்களா?"

"ம்."

"கிரகப்பிரவேசம். நூறு எலை. செய்வீங்களா?"

"ம்."

"காலைல டிபனா, மத்தியானம் சாப்பாடா, எது நல்லாருக்கும்?"

இதற்கு 'ம்' பதில் இல்லை என்பது எனக்கு உடனே புரிந்தது. ஆனால் வாயில் வேறு எதுவும் வரவில்லை. "ம்" என்றேன்.

"ரெண்டுமா?"

"ம்."

"ரெண்டும் வாணாங்க. எதாச்சும் ஒண்ணு போதும்."

"ம்."

அவர் வைத்துவிட்டார். அந்த வாரம் வந்த ஆர்டர்கள் எல்லாம் இப்படித்தான் போயின. ஒருவர் மட்டும், நான் ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

"இப்டியே போனா மறுபடியும் யாருக்காவது காய் நறுக்கத்தான் போவணும்" என்றாள் மனைவி. அவள் சொன்னது பயமுறுத்தல் இல்லை, கணக்கு. எனக்கு அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் சொந்தச் சமையலில் உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன். அந்தச் சுகத்தை விட மனசு வரவில்லை. அதைக் காப்பாற்றிக்கொள்ளப் பேச வேண்டியிருந்தது. பேச்சும் வரவில்லை.

அப்போதுதான் மச்சினன் வந்தான். என் மனைவியின் தம்பி. கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவன்.

"மாமா, நீங்க வாயே தொறக்க வாணாம். வெப்சைட் போட்ருவோம்" என்றான்.

அதுவரை அவன் செய்திருந்த வெப்சைட் ஒன்றே ஒன்று. அது அவனுடைய பிரவுசிங் சென்டருக்கான வெப்சைட். அதைப் பார்க்க வேண்டுமானால் அவனுடைய பிரவுசிங் சென்டருக்குத்தான் போக வேண்டும். இருந்தாலும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொன்னானே, அந்த ஒரு வார்த்தைக்காக நான் சம்மதித்தேன்.

அவன் செய்தது இதுதான். நான் சமைக்கும் பதார்த்தங்களின் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். வேண்டியதில் டிக் போட வேண்டும். கீழே விசேஷம் என்ன, எந்த நாள், எத்தனை இலை. கடைசியில் 'ஆர்டர்' என்று ஒரு பட்டன். அதை அமுக்கினால் அவனிடம் இருக்கும் பிரிண்டரில் காகிதம் வரும். அதை என் மனைவி சாயங்கால பஸ்ஸில் எடுத்துவருவாள். முகப்பில் போட என்னைக் கரண்டியோடு போட்டோ எடுத்தான். அவன் கேமராவைத் தூக்கிய ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிவிட்டதால், வெப்சைட்டின் முகப்பில் என் முதுகு இருந்தது.

"அமெரிக்காவுல இருந்துகூட ஆர்டர் பண்ணலாம் மாமா."

அவ்வளவு தூரம் கொத்சு கெடாமல் போகுமா என்று யோசித்தேன். கேட்கவில்லை.

அமெரிக்காவிலிருந்து யாரும் வரவில்லை. கடலூர் மாவட்டத்திலும் கல்யாண வீட்டுப் பெரியவர்கள் யார் வீட்டிலும் இன்டர்நெட் கிடையாது. அதனால் மச்சினன் நோட்டீஸ் அடித்து பஸ் ஸ்டாண்டில் கொடுத்தான். அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் அவனுடைய கடைக்கே வந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த ஒரு பெரியவர், "தம்பி, நீதான் பக்கத்துலயே நிக்கிறியே. வாயாலயே சொல்லிரட்டுமா?" என்றார்.

"சொன்னா அது வெப்சைட் இல்லீங்க" என்றான் மச்சினன்.

முதலில் முறையாக வந்தது காடாம்புலியூர்க் குடும்பம் ஒன்று. முந்திரி, பலாத் தோப்பு வைத்திருப்பவர்கள். பிள்ளைக்குக் காதுகுத்து. வேன் நிறைய வந்து, ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். அன்று நானும் கடலூருக்குப் போயிருந்தேன். கடைசி நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நான்தான் மாஸ்டர் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் என் பக்கம் திரும்பியிருந்தால் ஒருவேளை வெப்சைட் முதுகை வைத்துக் கண்டுபிடித்திருப்பார்கள்.

சாம்பார் வரைக்கும் சுமுகமாகப் போனது. பாயசத்தில் நின்றது.

"பலாப்பழப் பாயசந்தான் வைக்கணும். நம்ம ஊரு மானம் இருக்குதில்ல?"

"பலாப்பழத்த நாம தெனம் திங்கறோம். விசேஷத்துலயும் அதா? சேமியா போடு."

"சேமியா காய்ச்சக்காரங்களுக்குக் குடுக்கறதுய்யா."

ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்குப் போன் போட்டார்கள். அவர் தோப்பில் இருந்தார். ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள். அவர் இரண்டையும் வைக்கச் சொன்னார். எல்லோருக்கும் சந்தோஷம். பட்டனை அமுக்கினார்கள். திரை வெள்ளையாகி இங்கிலீஷில் ஒரே ஒரு வரி வந்தது.

"செஷன் போயிடிச்சிங்க" என்றான் மச்சினன்.

"எங்க போச்சி?"

"டைம் முடிஞ்சி போச்சிங்க. இருவது நிமிஷந்தான். மொதல்ல இருந்து டிக் போடுங்க."

"நாங்க இன்னும் முடிக்கலியே, அது எப்டி முடியும்?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். அவர்கள் மறுபடியும் ஆரம்பித்தார்கள். மறுபடியும் பாயசத்தில் நின்றார்கள். மறுபடியும் திரை வெள்ளையானது. "எங்க ஊரு மாஸ்டரே தேவல" என்று சொல்லிவிட்டு வேன் ஏறிப் போய்விட்டார்கள்.

நான் மச்சினனிடம் போய் நின்றேன். கேட்காமலே அவன் விளக்கினான்.

"இப்ப பஸ்ஸு வருது. நீங்க ஜன்னல் வழியா துண்டப் போட்டு எடம் புடிக்கிறீங்க. அந்தத் துண்டுதான் மாமா செஷன். உள்ள வர்ற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி துண்டு. அவுங்க என்னென்ன டிக் போட்டாங்களோ அதெல்லாம் அவுங்க துண்டுல முடிஞ்சி வச்சிருக்கும். ரொம்ப நேரம் ஆள் அசையாம இருந்தா, எறங்கிப் போயிட்டான்னு துண்ட எடுத்துரும்."

"எடுக்காம இருக்க முடியாதா மச்சான்?" என்றேன். அந்த வாரத்தில் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம்.

அவன் ஒரு ஃபைலைத் திறந்தான். கான்ஃபிக் ஃபைல் என்றான். வெப்சைட்டின் குணம் எல்லாம் அந்த ஒரே ஃபைலில் இருக்கிறதாம். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், என்ன மொழியில் காட்ட வேண்டும், எல்லாமே. இருபது என்று இருந்ததை அறுபது ஆக்கினான். அடுத்து வந்த குடும்பம் பாதி டிக் போட்டுவிட்டு ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனது. அப்படியே கடற்கரைக்கும் போய்விட்டு, கால் எல்லாம் மணலாக வந்து உட்கார்ந்தது. துண்டு போயிருந்தது.

மச்சினனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இனிமே துண்டு கெடையாது மாமா. ஆணிதான்" என்றான். டிக் போடுவதை எல்லாம் அவரவர் துண்டில் முடிவதற்குப் பதிலாக, அந்தக் கான்ஃபிக் ஃபைலிலேயே நேராக எழுதி வைக்கும்படி மாற்றினான். "கரண்ட்டு போனாக்கூட அப்படியே இருக்கும். ஜென்மத்துக்கும் மறக்காது."

சோதித்துப் பார்த்தோம். வடைக்கு டிக் போட்டோம். கம்ப்யூட்டரை நிறுத்தினோம். டீ குடித்துவிட்டு வந்து போட்டோம். வடை இருந்தது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் பார்த்தோம். அங்கேயும் வடை இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஏன் வடை இருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அந்த மாதமே ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு கணவன் மனைவி கோர்ட் வேலையாகக் கடலூர் வந்தார்கள். மகளுக்கு வளைகாப்பு. எங்கள் பக்கத்தில் மாசமாக இருக்கும் பெண்ணுக்கு வளையல் போடும்போது ஏழு வகைச் சாதம் செய்வார்கள். புளி, எலுமிச்சை, தேங்காய், மாங்காய், எள், கொத்தமல்லி, தயிர். வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்த் துண்டும் வைப்பார்கள். வெல்லம் கலந்த காப்பரிசியும் உண்டு. அவர்கள் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டு, "வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்து பட்டன அமுக்கறோம்" என்று போனார்கள். வரவில்லை. டிக் எல்லாம் ஆணி அடித்த மாதிரி இருந்தது.

அடுத்து வந்தவர் சிதம்பரத்துக்காரர். மகளுக்கு நிச்சயதார்த்தம், சிதம்பரத்திலேயே ஒரு சின்ன மண்டபத்தில். மாப்பிள்ளை வீடு கடலூர். அவர் எங்கள் நோட்டீஸை முன்பே பார்த்து, சம்பந்தி வீட்டாரிடமும் சொல்லியிருக்கிறார். "அந்தக் கம்ப்யூட்டர் கடை உங்க ஊர்லதான் இருக்குது. உங்களுக்கு என்னா வேணுமோ போயி டிக் பண்ணிடுங்க." அவர்களும் "பாக்கறோம்" என்றிருக்கிறார்கள். அவர்கள் பார்க்கவில்லை. இவர் வந்து திரையைப் பார்த்தார். ஏழு சாதத்துக்கும் மாங்காய்க்கும் காப்பரிசிக்கும் ஏற்கெனவே டிக் இருந்தது. சம்பந்தி வீட்டார் வந்து போயிருக்கிறார்கள் என்று நினைத்தார். பெண்ணைப் பெற்றவர், சம்பந்தி கேட்டதை எடுப்பாரா? ஒன்றையும் தொடவில்லை. அதற்கு மேல் சாம்பார், ரசம், வடை, கேசரி, கொத்சு என்று தன் பங்குக்கு டிக் போட்டுப் பட்டனை அமுக்கிவிட்டார். மச்சினன் அப்போது டீக்கடையில் இருந்தான்.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று சாயங்காலம் என் கையில் வந்தது ஒரு காகிதம். மேலே நிச்சயதார்த்தம் என்று இருந்தது. கீழே வளைகாப்புச் சாப்பாடு இருந்தது.

மனைவியிடம் நீட்டினேன். படித்தாள். வாசல் கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் படித்தாள்.

"பாவம்" என்றாள்.

"ம்" என்றேன்.

"அதான் அவசர அவசரமா நிச்சயம் பண்றாங்க. பெத்தவங்களே கேட்டிருக்காங்கன்னா ரெண்டு வூட்டுக்கும் தெரிஞ்சிதான் இருக்கும்." குரலைத் தாழ்த்தினாள். "நமக்கெதுக்கு? நீங்க யாருகிட்டயும் வாயத் தொறந்துராதீங்க."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் பேசாதே என்று சொன்னார். பெருமையாகக்கூட இருந்தது.

பெண் வீட்டுக்குப் போன் செய்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். ஆனால் எப்படிக் கேட்பது? நூறு இலையா, இருநூறு இலையா என்று கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். உங்கள் பெண் மாசமாக இருக்கிறாளா என்று ஒரு தகப்பனிடம் கேட்க என்னால் ஆகுமா? அதனால் சமைத்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரி சாப்பிடுவாளே என்று புளிச்சாதத்தில் காரத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

நிச்சயதார்த்தத்தன்று மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நான் என் ஆட்களோடு விடியற்காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டேன். காலையிலேயே தட்டு மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு சாப்பாடு என்பதுதான் ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டு வேன் வழியில் பஞ்சராகிவிட்டது. அவர்கள் வந்து சேர்ந்தபோது நல்ல நேரம் போயிருந்தது. அடுத்த நல்ல நேரம் மத்தியானத்துக்கு மேல்தான். வந்தவர்கள் பசியோடு இருக்கிறார்கள், முதலில் சாப்பாடு, அப்புறம் தட்டு என்று மாற்றிக்கொண்டார்கள்.

முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தார்கள். நடுவில் மாப்பிள்ளையின் தாய்மாமா. நல்ல உயரம், நல்ல மீசை. என் ஆட்கள் ஏழு சாதத்தையும் ஏழு குன்றாக வைத்துக்கொண்டு போனார்கள். நான் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தேன். தாய்மாமா ஆள்காட்டி விரலால் குன்றுகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். மாங்காய்த் துண்டு வந்தது. தலையைத் தூக்கி, எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். காப்பரிசி வந்தது. மாப்பிள்ளையைப் பார்த்தார்.

பெண்கள் பந்தியில் பேச்சு நின்றது. சாப்பாடு நிற்கவில்லை. "மாங்கா சாதம் இன்னும் கொஞ்சம் வைப்பா" என்று கேட்டு வாங்கிக்கொண்டே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். "மச்சான், எங்ககிட்டக்கூட சொல்லலியேடா!"

"டேய், பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு தரந்தான்டா பாத்தேன். காபி குடுத்துட்டு உள்ள போயிட்டாங்கடா" என்று அவன் சத்தியம் செய்துகொண்டிருந்தான். யாரும் நம்புகிற மாதிரி இல்லை. இலையில் ஆதாரம் இருந்தது.

பெண்ணின் அம்மா, பெண்ணின் அப்பாவை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தார். நான் அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன்.

"என்னாங்க இது? வளைகாப்புச் சாப்பாடு?"

"அவுங்க கேட்டதுடி. அவுங்கதான் டிக் போட்டிருந்தாங்க."

"அவுங்க ஏன் இதக் கேட்டாங்க?"

அவர் அப்போதுதான் யோசித்தார். முகம் மாறிவிட்டது. தன் மகளைச் சந்தேகப்பட்டு, அதை இலையில் வைத்துக் காட்டுகிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கோ, பெண் வீட்டார் விஷயத்தைச் சாப்பாட்டிலேயே சொல்லிவிட்டார்கள் என்று புரிந்துவிட்டது. எனக்கும் ஏற்கெனவே புரிந்திருந்தது. அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் எல்லாமே புரிந்திருந்தது. ஒருவருக்கும் உண்மை தெரியாது.

இந்த நேரத்தில் பெண் எழுந்து நேராகச் சமையல்கட்டு வாசலுக்கு வந்தாள்.

"மாஸ்டர் அண்ணா, அந்த மாங்கா இன்னும் இருக்குதா? உப்பு காரம் செமயா இருக்குது."

ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தேன். அவள் அங்கேயே நின்று, மண்டபம் முழுவதும் பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு துண்டாகத் தின்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். கேஸ் முடிந்தது.

தாய்மாமா கையைக் கழுவிவிட்டு மண்டபத்தின் நடுவே வந்து நின்றார். தட்டுகள் வரிசையாக இருந்தன. பழம், பூ, வெற்றிலை, புடவை.

"தட்டு மாத்தறதுக்கு முன்ன ஒரு வார்த்த" என்றார். "எங்க வூட்ல எல்லாம் மொதல்ல கல்யாணம். அப்புறந்தான் வளையலு."

பெண்ணின் அப்பாவும் முன்னால் வந்தார். "சந்தேகம் இருந்தா நேருக்கு நேரா கேட்டிருக்கலாம். இப்டி எலையில வச்சிக் கேக்கணுமா?"

"எலையில வச்சது யாரு?"

"மாஸ்டரு!"

மண்டபமே சமையல்கட்டுப் பக்கம் திரும்பியது. நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். திரும்பிக்கொள்ள இடமில்லை. பின்னால் பெண் மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாவது வரிசையில் ஓர் ஆள் தயிர்ச்சாதக் கையோடு எழுந்தான். என் மச்சினன். நான் சமைக்கும் விசேஷங்களுக்கு அவனை யாரும் அழைக்க வேண்டியதில்லை, வந்துவிடுவான். இலையைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மாமா, இது அந்த ஸ்ரீமுஷ்ணத்துக்காரங்களுது!"

"என்னா ஸ்ரீமுஷ்ணம்?" என்றார் தாய்மாமா.

"ஒண்ணுமில்லீங்க. செஷன் வேரியபிள கான்ஃபிக் ஃபைல்ல குளோபலா வச்சிட்டேன். அதான் யூசர் மாறியும் பழைய வேல்யூ அப்டியே வந்திருக்குது."

மண்டபம் அவனையே பார்த்தது.

"பொண்ணப் பத்திக் கேட்டா இவன் என்னாடா இங்கிலீஷ்ல மறைக்கிறான்?" என்றார் தாய்மாமா. "ஸ்ரீமுஷ்ணத்துல யாரு? மொதல்ல அதச் சொல்லு!"

இதோடு கதையில் ஸ்ரீமுஷ்ணத்துப் பையன் ஒருவனும் சேர்ந்துவிட்டான். பெண்ணின் அம்மா உட்கார்ந்துவிட்டார். பெண் அப்போதுதான் விஷயம் புரிந்து மெல்லுவதை நிறுத்தினாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவளைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. இவளுக்கு மாங்காய் பிடிக்கும், அவ்வளவுதான். நான்தான் நாலு நாளாக இவளைப் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை யாராவது சொல்ல வேண்டும். மனைவி கடலூரில் இருந்தாள். மச்சினன் வாயைத் திறந்தால் இன்னும் இரண்டு ஊர் சேரும்.

எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை, முதல் பந்திக்குப் போய்விட்டேன். இலைகள் இன்னும் எடுக்கவில்லை. கரண்டியும் கையில் இருந்தது. தாய்மாமாவைப் பார்த்து, ஓர் இலையைக் காட்டி, "இங்க உக்காருங்க" என்றேன்.

"யோவ், அது எச்சி எலைய்யா!"

"ஆமாங்க" என்றேன். குரல் எங்கிருந்தோ வந்தது. சாம்பார் அண்டாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "யாரோ சாப்ட்டுட்டுப் போன எலை. எடுக்கல. அடுத்த பந்திக்கு நீங்க வந்து இதுலயே உக்காந்துட்டீங்க. எலையில எள்ளு சாதம் இருக்குது. நீங்க கேட்டதாங்க அது?"

"நான் ஏன் கேக்கறேன்?"

"அதேதாங்க. ஸ்ரீமுஷ்ணத்துல ஒரு வூட்ல வளைகாப்பு. அவுங்க கம்ப்யூட்டர்ல உக்காந்து இதெல்லாம் கேட்டுட்டுப் போயிட்டாங்க. இவன் அந்த எலைய எடுக்கல. மொத்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரே எலையா போட்டுட்டான். இந்த ஐயா வந்து அதுலயே உக்காந்துட்டாரு. பாக்கி வச்சதெல்லாம் நீங்க கேட்டதுன்னு நெனச்சி, மரியாதைக்குக் கை வைக்கல."

"அப்ப இது நீங்க கேட்டது இல்லையா?" என்றார் பெண்ணின் அப்பா.

"நாங்க கடைக்கே போவலிங்க" என்றார் தாய்மாமா. "நீங்க சொல்ல வந்ததுன்னு நெனச்சோம்."

"நாங்க எதச் சொல்ல வந்தோம்?"

தாய்மாமா மீசையைத் தடவினார். பெண்தான் முதலில் சிரித்தாள். அவளுக்கு விக்கிக்கொண்டது. மாப்பிள்ளை ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தான். இரண்டு தரப்புப் பெண்களும் அதைப் பார்த்து ஒரே நேரத்தில் "ம்ம்ம்" என்றார்கள். அதற்கு மேல் அங்கே சந்தேகம் இல்லை.

ஆனால் வந்த கோபம் சும்மா போகுமா? இரண்டு வீட்டாரும் சேர்ந்து மச்சினன் பக்கம் திரும்பினார்கள். "எலைய எடுக்கத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குய்யா கம்ப்யூட்டரு?" என்று தாய்மாமா ஆரம்பித்தார். "அதானே கேளுங்க சம்பந்தி" என்று பெண்ணின் அப்பா எடுத்துக் கொடுத்தார். தாய்மாமா ஒரு வார்த்தை சொல்வார், இவர் ஒரு வார்த்தை சேர்ப்பார். திட்டத் திட்ட இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொள்கிற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். மச்சினன் தயிர் காய்ந்த கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். நல்ல நேரம் வந்ததும், திட்டுவதை நிறுத்தாமலே தட்டு மாற்றிக்கொண்டார்கள். மிச்சமிருந்த கலவைச் சாதத்தை மாப்பிள்ளை வீட்டார் தூக்குப்பாத்திரங்களில் கட்டிக்கொண்டு போனார்கள்.

மச்சினன் மறுநாளே ஆணியைப் பிடுங்கினான். கான்ஃபிக் ஃபைலிலிருந்து டிக்குகளை அழித்து, அவரவருக்கு அவரவர் துண்டு என்று பழையபடி மாற்றினான். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, வளைகாப்பை மாப்பிள்ளை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள் என்றும், எங்கள் நினைப்பே அவர்களுக்கு இல்லை என்றும் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் தாய்மாமாவும் ஒன்றாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"கல்யாணத்துக்கும் நீங்கதான் மாஸ்டர்" என்றார் பெண்ணின் அப்பா. "ஆனா கம்ப்யூட்டர் வாணாம். உக்காந்து பேசணும்."

மனைவி வழக்கம்போல முன்னால் வந்து, "சொல்லுங்கண்ணே, எத்தன எலை?" என்றாள்.

"நீ இரும்மா" என்றார் தாய்மாமா. "மாஸ்டர் பேசட்டும். அன்னிக்கி என்னா பேச்சு பேசுனாரு தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். வேறு யாரையோ வீட்டுக்குள் விட்டுவிட்ட மாதிரி பார்த்தாள். பிறகு காபி போடப் போனாள்.

மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தோம். அவர்கள் காத்திருந்தார்கள். நான் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மாமாவுக்கே தாங்கவில்லை.

"அந்தக் கொத்சு நல்லா இருந்திச்சி மாஸ்டர். கத்திரிக்காயச் சுட்டுப் போடுவீங்களா, வேக வச்சா?"

அது எனக்குத் தெரிந்த விஷயம். அதுவரை யாரும் என்னிடம் கேட்டதும் இல்லை.

"சுடலாங்க, வேக வைக்கலாங்க. ஆனா அதுக்கு முன்ன காய எப்டிப் பாத்து வாங்கறோங்கறது இருக்குது" என்றேன். காம்பைப் பற்றிச் சொன்னேன். எந்தச் சந்தையில் எந்தக் கிழமை நல்ல காய் வரும் என்று சொன்னேன். மல்லி வறுக்கும்போது வாசனை எந்த இடத்தில் திரும்பும் என்று சொன்னேன். புளிக்குத் தனியாகக் கொஞ்சம் நேரம் ஆனது. காபி வந்தது, ஆறியது. பெண்ணின் அப்பா ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். தாய்மாமா இரண்டு தடவை கால் மாற்றி உட்கார்ந்தார்.

"போதும் மாஸ்டர், புரிஞ்சிடிச்சி. உங்களுக்கு எப்டித் தோணுதோ அப்டியே எல்லாத்தையும் செஞ்சிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.

நான் இன்னும் தாளிப்புக்கே வரவில்லை.